இணக்கப் பாதை

விரகனூர் சந்திப்பில் இரண்டு கருவிகளும் முரண்பட்டன. முன்கண்ணாடியின் இடப்பக்கம் ஒட்டப்பட்டிருந்த ஜிபிஎஸ் பெட்டி, தகரம் அதிர்வது போன்ற குரலில், "நேராகச் செல்லவும்" என்றது. வலப்பக்கத் தாங்கியில் இருந்த பவதாரிணியின் போன், அதைவிடப் பல மடங்கு கனிவாக, "இடப்புறம் திரும்பி ஆற்றைக் கடக்கவும்" என்றது. இரண்டிலும் அவள் பதிந்திருந்த சேருமிடம் ஒன்றுதான்: மானாமதுரை.

பின்னால் ஒரு பேருந்து பொறுமையிழந்து ஒலியெழுப்பியது. அவள் வண்டியை ஓரங்கட்டினாள்.

"என்ன மேடம், ஒங்க போனுக்கு மட்டும் சிலைமான் பக்கம் கடல் வந்துருச்சா?" என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த அருளானந்து.

இருவரும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளை ஆராய்பவர்கள். பாதைப் பொறுப்புச் சட்டம் வந்த பிறகு அவர்களுடைய தொழிலின் இயல்பே மாறியிருந்தது. போன் காட்டிய வழியில் போய் விபத்து நேர்ந்தால், அந்த வழியைத் தேர்ந்த குற்றம் ஓட்டுநரைச் சேராது, காப்பீடு கிடைத்துவிடும். தனிப் பெட்டியை நம்பிப் போனால் ஒவ்வொரு திருப்பமும் ஓட்டுநர் தானே தேர்ந்ததாகக் கருதப்படும். மானாமதுரை அருகே வேன் கவிழ்ந்த ஒருவர் பெட்டிதான் வைத்திருந்தார். அந்தப் பெட்டி காட்டிய வழி அறிவுக்குப் பொருந்தியதா என்று பார்க்க இரண்டு கருவிகளையும் ஒரே காரில் மாட்டி ஓட்டிப் பார்ப்பது அலுவலக வழக்கம். அதற்கு ஒப்பீட்டு ஓட்டம் என்று பெயர். பவதாரிணி இதுவரை அலுவலக வண்டியிலும் அலுவலகப் போனிலும்தான் அதைச் செய்திருந்தாள். இன்று அலுவலக வண்டி பழுதானதால் தன் காரையும் தன் போனையும் கொண்டுவந்திருந்தாள்.

"உங்க போனைக் குடுங்க" என்றாள்.

அருளானந்து தன் போனில் மானாமதுரையைப் பதிந்து நீட்டினார். அது நேராகப் போகச் சொன்னது.

"நம்ம ஆளு பெட்டி கட்சி" என்றார் அவர். "ஒங்களுது எதிர்க்கட்சி."

அவள் சிரிக்கவில்லை. தன் போனில் சேருமிடத்தை மாற்றினாள். திருப்புவனம் என்று பதிந்தாள். ஆற்றைக் கடக்கச் சொன்னது. ராமேஸ்வரம் என்று பதிந்தாள். அப்போதும் ஆற்றைக் கடந்து, வரிச்சியூர், பூவந்தி, சிவகங்கை என்று வடகரையில் சுற்றவிட்டது. நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லை. பாலம் எதுவும் உடைந்திருக்கவில்லை. பாதையின் கீழே, யாரும் படிக்காத சிறிய எழுத்தில், 'உங்கள் நலன் கருதித் தேர்ந்த பாதை' என்றிருந்தது.

"என்னோட நலனா?" என்று அவள் உரக்கவே கேட்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கம்மா எனக்குச் சொன்ன வார்த்த மாதிரியே இருக்கு" என்றார் அருளானந்து.

தென்கரையின் அந்த நெடுஞ்சாலையில் மூன்று ஆண்டுகளாகத் தான் காலே வைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாலை சரியில்லை போலும், வேலை நடக்கிறது போலும் என்று ஒவ்வொரு முறையும் போனுக்காக அவளே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாலையோரம் திருப்புவனத்தில் அவளுடைய அண்ணன் நவநீதன் இருக்கிறான். கால்நடை மருத்துவன். சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் நாள் முழுக்க வண்டியில் அலைகிறவன். மூன்று ஆண்டுகளாக அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை.

முயலாமல் இல்லை. மகள் நறுமுகைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் அமர்த்தித்தான் குத்த வேண்டும். அவனை அழைக்கத் தாம்பாளத்தோடு நேரில் போக வேண்டும். வெற்றிலை பாக்கு பழத்தை அவன் தன் இரு கைகளாலும் வாங்க வேண்டும். போனில் சொன்னால் அது வெறும் தகவல், அழைப்பு ஆகாது. போன் காட்டிய வடகரை வழியாகவே அவள் மூன்று முறை தட்டோடு போனாள். மூன்று முறையும் அண்ணி சுகன்யா வாசலில் நின்று ஒன்றையே சொன்னாள்: "இப்பத்தான் கிளம்புனாக தாரிணி. செத்த முன்னாடி வந்திருக்கலாம்ல." மூன்றாம் முறை திரும்பியபோது அவன் சொல்லியனுப்பியதாக ஓர் உறவுக்காரர் வழியாகச் செய்தி வந்தது: ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறவளுக்கு எதற்குத் தட்டு?

அவள் அந்தச் செய்தியை நினைத்து நினைத்துக் கொதித்திருந்தாள். இப்போது விரகனூரில், இரண்டு குரல்களும் மாறி மாறிக் கட்டளையிட, அந்தக் கொதிப்பு எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது.

"மேடம், எப்பிடிப் போறோம்?" என்றார் அருளானந்து.

"நேரா."

கார் திருப்புவனத்தைக் கடக்கும்வரை போன் ஓயவில்லை. "இடப்புறம் திரும்ப வாய்ப்புள்ளது" என்று ஒவ்வொரு சந்திலும் கெஞ்சியது.

*

பர்வீன் அவளோடு கல்லூரியில் படித்தவள். அந்த வழிகாட்டிச் செயலியை உருவாக்கிய நிறுவனத்தில் இப்போது மூத்த பொறியாளர். மறுநாள் பவதாரிணி அலுவலகத்துத் தரைவழித் தொலைபேசியிலிருந்து அவளை அழைத்தாள். விரகனூரில் நடந்ததைச் சொன்னாள்.

"அதுக்கு இணக்கப் பாதைன்னு பேர்" என்றாள் பர்வீன். "ரெண்டு பேருக்கு நடுவுல சண்டை வர வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்சா, அவங்க ஒரே எடத்துல ஒரே நேரத்துல இல்லாமப் பாத்துக்கும். அவ்வளவுதான்டி."

"அவ்வளவுதானா? நான் போறப்பெல்லாம் அவன் வீட்டுல இல்லாமப் போனது?"

"உங்க அண்ணன் என்ன வேலை?"

"மாட்டு டாக்டர்."

"அப்ப ரொம்ப சுலபம். ஒரு நாளைக்கு அஞ்சாறு ஊர் போவாருல்ல? எந்த ஊர் முதல்ல, எது அப்புறம்னு செயலிதான் வரிசை போட்டுக் குடுக்குது. நீ கிளம்பினதும் வரிசையை லேசா மாத்தும். யாருக்கும் பொய் சொல்லாது தாரிணி. மாடு நிஜம். நேரத்தை மட்டும்தான் நகர்த்தும்."

"எங்களுக்குள்ள சண்டை வரும்னு அதுக்கு யார் சொன்னா?"

"நீங்கதான். பேசுறப்ப குரல் எப்படி ஏறுது, அதுக்கப்புறம் எவ்வளவு நாள் பேசாம இருந்தீங்க, அவர் பேரைப் பாத்ததும் உன் கைக்கடிகாரத்துல நாடி எப்படி ஓடுச்சு... எல்லாம் கணக்குதான். உங்க ரெண்டு பேருக்கும் மோதல் ஏறக்குறைய உறுதின்னு காட்டுது."

"எங்ககிட்டக் கேக்காமயேவா?"

"செயலியில சேந்திருக்கிற குடும்பத்துல யாராவது ஒருத்தர் கேட்டாப் போதும். கேட்டவங்கதான் அதை ரத்தும் செய்ய முடியும். இல்லைன்னா, சண்டைக்காரனே முதல்ல அணைச்சுட்டு அரிவாளோட கிளம்பிருவான்."

"யார் கேட்டது?"

"அதைச் சொன்னா என் வேலை போயிரும்."

பவதாரிணி தொலைபேசியின் சுருள் கம்பியை விரலில் இறுக்கிக்கொண்டாள். அடுத்த கேள்வியை அவள் முந்தைய நாளிலிருந்தே சுமந்துகொண்டிருந்தாள். "எங்கப்பா செத்த அன்னைக்கு நான் போன வழியைப் பாத்துச் சொல்ல முடியுமா? அது என்னோட பதிவுதானே?"

விசைப்பலகை ஒலிப்பது கேட்டது. பிறகு அந்த ஒலியும் நின்றது.

"பூவந்தி வழி" என்றாள் பர்வீன். "அதுவும் நேரா இல்லை. ரெண்டு எடத்துல சுத்த விட்டிருக்கு."

"அன்னைக்கும் அதுதானா?"

"ஆமா."

அன்று அவள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் இருந்தது, அப்பா இல்லை. தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நடையிலிருந்து வழிந்த தண்ணீர் அவள் செருப்பை நனைத்தது. மகள் கையால் விழ வேண்டிய வாய்க்கரிசி விழவில்லை. அண்ணன் காத்திருக்கவில்லை என்பது அன்று முதல் அவளுடைய வழக்கு. அவள் வேண்டுமென்றே தாமதித்தாள் என்பது அவனுடைய வழக்கு. இருவரும் எதிர்த்தரப்பு வராத நீதிமன்றத்தில் மூன்று ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"இதைச் செஞ்சவங்க மனுசங்கதானா பர்வீன்?"

"செஞ்சவங்கள்ல நானும் ஒருத்தி." பர்வீனின் குரல் தணிந்திருந்தது. "எங்க மாமாவ உனக்கு ஞாபகம் இருக்கா? கல்யாண மண்டபத்து வாசல்ல, சொந்தத் தம்பி கையால குத்துப்பட்டாரே. வீட்டுப் பங்கு தகராறு. ரெண்டு பேரும் அன்னைக்கு ஒரு அரைமணி நேரம் முன்னபின்ன வந்திருந்தாக்கூடப் போதும். அதை நினைச்சுத்தான் நான் இதைச் செய்யிற குழுவுல சேந்தேன். இது வந்ததுக்கப்புறம் உயிரோட நடமாடுற ஆளுங்க எத்தனையோ பேர். அவங்களுக்கே அது தெரியாது."

இது பவதாரிணியை மேலும் அலைக்கழித்தது. ஒரு தீமையை எதிர்ப்பது எளிது. அதை நன்மை என்று நம்பிச் செய்தவளின் துக்கத்தை எதிர்ப்பது எப்படி?

"நீங்க சந்திச்சா சண்டை வரும்டி" என்றாள் பர்வீன். "கணக்கு தப்பாது."

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் தொலைபேசியை வைத்தாள்.

*

"பெட்டியா, போனா?" என்றான் அவள் கணவன் சரண். ஒப்பீட்டு ஓட்டத்துக்கு வாங்கிய ஜிபிஎஸ் பெட்டியை அவள் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து இரவலாகக் கொண்டுவந்திருந்தாள். அது சாப்பாட்டு மேசையில் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. நறுமுகை அதன் திரையில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டி."

"இந்தா பாரு, நீ காப்பீட்டு ஆபீஸ்ல இருக்கிறவ. ஒனக்கு நான் சொல்லணுமா? போனை வச்சுட்டு இதை நம்பிப் போனா, வழியில ஒரு கோழி அடிபட்டாக்கூட நம்ம தலைதான். ஒன் வேலைக்கும் வேட்டு. 'அதிகாரியே பெட்டி வச்சு ஓட்டுறாங்க'ன்னு எழுதி வச்சிருவாங்ய."

"தெரியும்."

"அதோட இதுக்கு ஒண்ணுமே தெரியாது. வழியில மறியலா, மழையா, எதையும் சொல்லாது."

"அதனாலதான் வேணும்" என்றாள் அவள். "இது வானத்துல இருந்து வர்றதைக் கேட்டுக்கும். நம்ம எங்க இருக்கோம்னு திரும்ப யாருக்கும் சொல்லாது. நான் அங்க போறது அவன் போனுக்குத் தெரியக் கூடாது."

சரண் தட்டில் கோடு போட்டான். "ஒங்க பெரியப்பா மகன் ஒருத்தர் இருக்கார்ல, சோழவந்தான்காரரு? அவரும் மாமன் முறைதானே. அவர் மடியில ஒக்கார வச்சிட்டு சோலியப் பாக்கலாம்ல?"

"கூடப் பெறந்தவன் இருபது கிலோமீட்டர்ல இருக்கையில, இன்னொருத்தர் மடியில வச்சுக் குத்துனா என்ன அர்த்தம் தெரியுமா? எனக்கு அண்ணன் இல்லைன்னு ஊரைக் கூட்டிச் சொல்றதா அர்த்தம். அதுக்கப்புறம் அவனும் வர மாட்டான், நானும் போக முடியாது. ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சிரும்."

அவன் தட்டை நகர்த்தி வைத்தான். "சரி, போ. ஆனா ஒண்ணு. அங்க போயி ஒங்க அண்ணன் கத்துனா நீயும் பதிலுக்குக் கத்தாத."

"நான் எப்பக் கத்துனேன்?"

"அதானே" என்றான் சரண். "இப்பக்கூட மெதுவாத்தான் பேசுற. பக்கத்து வீட்டுக்காரங்கதான் சன்னலைச் சாத்துறாங்க."

வெள்ளிக்கிழமை காலை, அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். போனைச் சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாக்களுக்கு நடுவே வைத்தாள். அதிலிருந்து விலகி நடந்தபோது யாரையோ ஏமாற்றுகிற குறுகுறுப்பு அவளைத் தொடர்ந்து வந்தது. தாம்பாளத்தை முன்னிருக்கையில் வைத்தாள்: வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், மேலே அழைப்பிதழ். பெட்டியில் திருப்புவனம் என்று பதிந்தாள். அது நெடுநேரம் வானத்தைத் தேடிவிட்டு, நேராகச் செல்லவும் என்றது.

சாலை அச்சமூட்டியது. போனோடு போகும்போது ஒவ்வொரு வளைவும் முன்கூட்டியே யாரோ சோதித்து வைத்ததாக இருக்கும். இப்போது ஒவ்வொரு லாரியும் அவளுக்காகவே எதிரே வந்தது. சிலைமானில் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே புகுந்தபோது அவள் பிரேக்கை முழுதாக மிதித்து வண்டியை நிறுத்தினாள். இந்த ஆடு அடிபட்டால் என் குற்றம். இங்கே திரும்பினால் என் திருப்பம். பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தன் வண்டியைத் தானே ஓட்டுவது போன்ற ஓர் உணர்வு. அதை மகிழ்ச்சி என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

*

நவநீதன் வீட்டிலிருந்தான். கூடத்தில் லுங்கியோடு உட்கார்ந்து ஊசிகளைக் கொதிநீரிலிருந்து இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தவன், வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். தலை நரைத்திருந்தது. அதைக் கண்டதும் அவளுக்குக் கோபமெல்லாம் மறந்துபோயிற்று. அவன் வாயைத் திறக்கும்வரைதான் அது நீடித்தது.

"வழி தெரிஞ்சுச்சா ஒனக்கு?"

"வழி தெரிஞ்சுதான் மூணு தடவ வந்தேன். நீதான் இல்ல."

"நான் இல்லாத நேரம் எதுன்னு விசாரிச்சு வந்தா எப்பிடி இருப்பேன்?"

"நான் எதுக்குண்ணே விசாரிக்கப் போறேன்? எனக்கென்ன வேற வேலை இல்லையா?"

"வேலைதான். அப்பாவுக்கு வாய்க்கரிசி போட நேரமில்லாத வேலை. இப்ப மகளுக்குக் காது குத்தணும், அதுக்கு மட்டும் மாமன் மடி வேணும்."

அவள் தட்டைக் கையில் எடுத்து வரவில்லை. முதலில் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அது நல்லதாயிற்று, கையில் இருந்திருந்தால் இந்நேரம் கீழே போட்டிருப்பாள்.

"நான் அன்னைக்கு வந்துக்கிட்டேதான் இருந்தேன். நீ ஏன் காத்திருக்கல?"

"இருபது கிலோமீட்டருக்கு மூணு மணி நேரமா? பொழுது சாயுறதுக்குள்ள எடுக்கணும்னு எல்லாரும் குதிக்கிறாங்ய. எத்தன தடவ ஒனக்கு அடிச்சேன்? எடுத்தியா?"

"ஓட்டும்போது அது அடிக்காது!"

"ஆமா, ஒண்ணும் அடிக்காது. ஒனக்கு வாய் மட்டும்தான் அடிக்கும். அப்பா கட்டில்ல படுத்துக் கேட்டுக்கிட்டிருக்கையில என்ன சொன்ன நீ? 'மாட்டு டாக்டருக்கு மனுசன் ஒடம்பப் பத்தி என்ன தெரியும்'னு. ஊரே இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்குது."

அவள் அதைச் சொல்லியிருந்தாள். அப்பாவை மதுரைப் பெரிய மருத்துவமனையில் சேர்ப்பதா, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா என்ற தகராறில், இந்தக் கூடத்தில் நின்றுதான் சொன்னாள். அவர் வலியில் கிடந்தபோது இவன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றதை அவளால் இன்றும் ஏற்க முடியவில்லை. அதையும் இப்போது சொன்னாள். அவன் பதிலுக்குச் சொன்னான். குரல்கள் ஏறின. பர்வீனின் கணக்கு இம்மியும் பிசகவில்லை. தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு நடந்தார்.

கத்திக் கத்திக் களைத்த ஓர் இடைவெளியில் அவள் விரகனூரைப் பற்றிச் சொன்னாள். இரண்டு கருவிகள், ஆற்றின் வடகரை, அவனுடைய ஊர்களின் வரிசை, அப்பா போன அன்று அவளைச் சுற்றவிட்ட சாலை. அவன் இடுக்கியைப் பிடித்தபடியே கேட்டான். நம்ப மறுத்து, பிறகு எதையோ மனத்துள் ஒப்பிட்டுப் பார்த்து, முகம் மாறினான்.

"கீழடிக்குப் போயிக்கிட்டிருந்தவனை, திடீர்னு மொதல்ல பொட்டப்பாளையம் போகச் சொல்லுச்சு. ஒரு நாளு... நீ வந்துட்டுப் போனதா இவ சொன்ன அன்னைக்குத்தான்."

"அதேதான்."

"ஊரு ஒலகத்துல எத்தனையோ பேரு அடிச்சுக்கிறாங்ய. நம்மள ஏன் பிடிச்சுச்சு அது?"

"குடும்பத்துல யாரோ ஒருத்தர் கேட்டிருக்காங்க."

"நான் கேக்கல."

"நானும் கேக்கல."

இருவரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த சுற்றுச் சண்டை அங்கிருந்தே தொடங்கியிருக்கும். அடுப்படி வாசலில் காப்பி டம்ளர்களோடு நின்ற சுகன்யாதான் குறுக்கிட்டாள்.

"மாமா கேட்டாக."

"எந்த மாமா?" என்றான் நவநீதன்.

"ஒங்கப்பாதான். நீங்க ரெண்டு பேரும் ஆசுபத்திரி ஆசுபத்திரின்னு கத்திட்டுப் போனீகள்ல, அன்னைக்குச் சாயங்காலம். அவுகளால எந்திரிச்சு ஒக்கார முடியல. போனை எடுத்து வாய்க்கிட்ட வச்சுக்கிட்டு, 'எம் புள்ளைக ரெண்டும் சண்டை போட்டுக்கிறாமப் பாத்துக்க'ன்னாக. அதும் என்னென்னமோ கேட்டுச்சு. எல்லாத்துக்கும் 'ஆமாப்பா, ஆமாப்பா'ன்னு சொன்னாக. சாமிகிட்டப் பேசுற கணக்கா இதுகிட்டப் பேசுறாகளேன்னு நான்கூடச் சிரிச்சேன்." அவள் டம்ளர்களை மேசையில் வைத்தாள். "அது எதையும் செய்யும்னு நான் என்னத்தக் கண்டேன்?"

கேட்டவர்தான் ரத்துச் செய்ய முடியும் என்று பர்வீன் சொன்னதைப் பவதாரிணி இப்போது அவர்களிடம் சொல்லவில்லை. ரத்துச் செய்ய வேண்டியவர் இப்போது இல்லை. மகன் கொள்ளி வைக்க, மகள் வந்து சேராத அந்த மாலையிலும் அவர் கேட்டது கேட்டபடியே நிறைவேறிக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடந்த ஒரு மனிதர் கடைசியாக விரும்பிய ஒன்றை, அவர் விரும்பியிருக்கவே முடியாத வகையில், ஓர் இயந்திரம் மூன்று ஆண்டுகளாகத் தவறாமல் காத்துவந்திருக்கிறது.

நவநீதன் இடுக்கியைக் கீழே வைத்தான். பிறகு, வேற்றாளிடம் பேசுகிற குரலில், "ஒக்காரு. காப்பியக் குடி" என்றான்.

"இல்ல, இருக்கட்டும். பரவாயில்ல."

"பயணம் சௌகரியமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

இந்த மரியாதை அவளைக் கலங்கடித்தது. கத்தும்போது அவன் அண்ணனாக இருந்தான். இப்போது அப்பாவின் விருப்பத்துக்குப் பணிந்து இருவரும் பதமாகப் பேசிக்கொண்டால், அந்த விருப்பம் இந்தக் கூடத்துக்குள்ளும் வந்து அவர்களைப் பிரித்துவிடும். அவள் எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். தட்டை எடுத்துவரச் சரியான நேரம் இதுதானா என்று தெரியவில்லை.

மேசையில் நவநீதனின் போன் அடித்தது. அவன் எடுத்துக் கேட்டான். மறுமுனையின் பதற்றம் கூடம் முழுக்கக் கேட்டது: லாடனேந்தலில் ஒரு பசு, கன்று கால் மடங்கி வருகிறது, இழுக்க முடியவில்லை, டாக்டர் உடனே வர வேண்டும்.

"இதுவும் அதோட வேலையா?" என்றாள் பவதாரிணி.

அவன் பையை எடுத்தபடி கேட்டான். "ஒன் போன் எங்க?"

"வீட்டுல. பருப்பு டப்பாவுக்குப் பின்னால."

"அப்ப இது மாட்டோட வேலைதான்." அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு விரைந்தான். விரைந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். குறுகலான தெருவில், அவனுடைய ஜீப்பின் பின்பக்கத்தை ஒட்டி, அவளுடைய கார் நின்றது. "நிறுத்தியிருக்கா பாரு, நிறுத்தி! ஓட்டத் தெரியாதவளுக்கெல்லாம் எவன்டி லைசென்ஸ் குடுத்தான்? நான் எப்பிடி வண்டிய எடுக்க?"

"தெரு இம்புட்டுதான் இருந்தா நான் என்ன செய்ய? என் வண்டில ஏறு."

"ஒன் வண்டிலயா?"

"ஏறுண்ணே, அங்க மாடு கத்துது!"

சுகன்யா பின்னாலேயே ஓடிவந்து போனை நீட்டினாள். நவநீதன் அதை வாங்கக் கை நீட்டினான். காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பெட்டியைப் பார்த்தான். தங்கையின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

"அங்கிட்டே கெடக்கட்டும். லாடனேந்தல்காரன் திரும்பக் கூப்பிட்டா, கெளம்பிட்டேன்னு சொல்லு."

அவன் முன்கதவைத் திறந்தான். இருக்கையில் தாம்பாளம் இருந்தது. உட்கார வேறு வழியில்லை. அவன் குனிந்து, வெற்றிலை சரியாதபடி, இரு கைகளாலும் அதைத் தூக்கினான். தூக்கியபடியே ஏறி உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டு, கதவை முழங்கையால் இழுத்துச் சாத்தினான்.

பவதாரிணி சாவியைத் திருகாமல் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தப் பாத்துக்கிட்டிருக்க? எடு வண்டிய!" என்று அவன் கத்தினான். பிறகு அவனும் குனிந்து தன் மடியைப் பார்த்தான். மேலாக இருந்த அழைப்பிதழில் நறுமுகையின் பெயருக்குக் கீழே தாய்மாமன் என்ற இடத்தில் தன் பெயர் அச்சாகியிருப்பதைப் படித்தான். பழம் உருண்டு விழாமல் இருக்க ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டான்.

அவள் வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். பெட்டி வலப்புறம் திரும்பச் சொன்னது. "அதுக்கு என்ன தெரியும், இங்கிட்டு வளை" என்றான் நவநீதன். "அப்பாவ ஆசுபத்திரியில சேத்திருந்தா இன்னும் ஒரு மாசம் இருந்திருப்பாரு" என்றாள் அவள். "எப்பிடி இருந்திருப்பாரு, கொழாய் கொழாயா மாட்டிக்கிட்டா? ஒனக்கு என்னடி தெரியும்? ஏய், பாத்துப் போ, பள்ளம்!" சன்னல்கள் திறந்திருந்தன. லாடனேந்தல் சாலையில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, யார் இப்படிக் கத்திக்கொண்டு போவது என்று பார்த்தார்கள்.

மதுரையில் ஒரு சமையலறை அலமாரியில் ஒரு போன் இருந்தது. திருப்புவனத்தில் ஒரு கூடத்து மேசையில் இன்னொன்று இருந்தது. இணக்கப் பாதையின் பதிவின்படி, அன்று முற்பகல் அண்ணனும் தங்கையும் அவரவர் வீட்டில், நடுவே போதிய தொலைவோடு, அமைதியாக இருந்தார்கள்.